அழித்த புள்ளி

அந்த வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை என்று பார்த்தால் ஒரே ஒரு சண்டைதான். முதலில் நடப்பதா, முதலில் ஏறுவதா? மற்றபடி இருவரும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் வாழ்ந்தவர்கள். அம்மா போனபோது தம்பிக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா பரீட்சைக்குப் படித்தாள், கணக்கு டீச்சரானாள். வந்த வரன்களை “தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்” என்று தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டது அப்படியே நின்றும் போனது. அதற்காக அவள் முகம் சுருங்கி யாரும் பார்த்ததில்லை.

கட்டம் போட்ட கிராஃப் தாளில் புள்ளி வைக்கிற பாடத்தை அவள் மாதிரி நடத்த அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. “மூணு, அஞ்சுன்னு ரெண்டு எண் குடுத்தா என்ன செய்வீங்க? முதல் எண்ணுக்கு வலது பக்கமா நடக்கணும். ரெண்டாவது எண்ணுக்கு மேல ஏறணும். நின்ன இடத்துல புள்ளி. எங்க, எல்லாரும் சொல்லுங்க!” என்பாள். “முதல்ல நட, அப்புறம் ஏறு!” என்று வகுப்பே கத்தும். அவள் கொடுக்கிற கணக்குகளும் அன்றாடம் பார்க்கிறவைதான். பால்காரர் வீடு இங்கே, பேருந்து நிறுத்தம் அங்கே, மழையில் குடை இல்லாதவர் எந்த வழியாகப் போனால் குறைவாக நனைவார் என்று கேட்பாள். பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி வைக்கும்.

ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஏறிய இந்தப் பாடம் சொந்தத் தம்பிக்கு மட்டும் ஏறவில்லை. அவன் முதலில் ஏறுவான், பிறகுதான் நடப்பான். தலையில் குட்டினால், “மேல ஏறிப் பாத்தாத்தானேக்கா எங்க நடக்கணும்னு தெரியும்?” என்று கேட்பான். மூன்று, ஐந்து என்றால் அவன் புள்ளி ஐந்து, மூன்றில் போய் உட்காரும். கணக்கில் கோட்டை விட்டுப் படிப்பை நிறுத்தியவன், கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் சரக்கு எடுத்து வைக்கிற வேலைக்குப் போனான்.

முதல் நாள் வேலை முடிந்து தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தான்.

“அக்கா! எங்க குடோன்ல எல்லாரும் என் கட்சி.”

விஷயம் இதுதான். கிடங்குக்கு ஒரே வாசல், இடது கோடியில். வாசலிலிருந்து இடது சுவரை ஒட்டி உள்ளே நேராக ஓர் அகலப் பாதை போகும். அந்தப் பாதையிலிருந்து வலது பக்கம் பிரிகிற சந்துகளில்தான் கூரை முட்டுகிற இரும்பு ராக்குகள் நின்றன. தள்ளுவண்டியை முதலில் உள்ளே ஓட்டிக்கொண்டு போய், அப்புறம்தான் வலது பக்கம் திருப்ப முடியும். ஆகவே கிடங்கு ஆட்கள் இடம் சொல்லும்போது உள்ளே எத்தனையாவது சந்து என்கிற எண் முதலில், வலது பக்கம் எத்தனையாவது ராக் என்கிற எண் பிறகு. கிராஃப் தாளில் வரைந்தால் ஏறிவிட்டு நடக்கிற கணக்கு. அங்கே அவனுக்கு ‘ஏணி’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

“உன் குடோனுக்கு ஒரு சட்டம், உலகத்துக்கு ஒரு சட்டமாடா?” என்பாள் அக்கா.

“உலகம் எங்க குடோனுக்கு வந்து கத்துக்கட்டும்.”

சில மாதங்கள் கழித்து, அன்றைக்குக் காலையிலும் அதே பேச்சுதான். சமையலறை மேசையில் அவள் பிள்ளைகளின் கிராஃப் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சாக்ஸ் ஒரு காலில், காபி ஒரு கையில் என்று நின்ற தம்பி ஒரு தாளை உருவினான்.

“ஆகா! இந்தப் பொண்ணு எல்லாப் புள்ளியையும் ஏறிட்டு நடந்து வச்சிருக்கா. என் கட்சி. முழு மார்க் போடு.”

“முட்டைதான் போடப் போறேன். கீழ வை அதை.”

“பாவம்க்கா.”

“எது பாவம்? எல்லாரும் ஒண்ணு சொல்ல, நீ மட்டும் தலைகீழாச் சொன்னா கேக்கறவன் எங்கடா போய் நிப்பான்? ஒரு நாளாவது எனக்குச் சரியாச் சொல்லியிருக்கியா?”

அவள் குரலில் விளையாட்டு கொஞ்சம் குறைந்திருந்தது. அவன் அதைக் கவனித்துவிட்டான். குனிந்து அவள் தலையில் தன் தாடையை வைத்து அழுத்தி, “சரி சரி, அழாத. ஒரு நாள் சொல்றேன். நீதான் மயங்கி விழப் போற” என்றான். காபித் தம்ளரைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான்.

வகுப்பு நடக்கிற நேரத்தில் அவன் ஒருபோதும் கூப்பிட மாட்டான். அதனால்தான் பையில் கிடந்த போன் அதிர்ந்ததும், பலகையில் பாதிக் கோட்டோடு விட்டுவிட்டு எடுத்தாள்.

“அக்கா.” மூச்சு வாங்கியது. “ராக்கெல்லாம் சாஞ்சிடுச்சு. உள்ள மாட்டிக்கிட்டோம். நானும் ஒட்டகமும். சூப்பர்வைசர் போன் எடுக்கல. நீ சொல்லிடு. அஞ்சு, பதினொண்ணு. கேக்குதா? அஞ்சு, பதினொண்ணு.”

“டேய், அடி பட்டிருக்கா? டேய்!”

“நெஞ்சு மேல கொஞ்சம் பாரம். ஒண்ணும் இல்ல. நீ…”

அத்தோடு போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மணி போகவேயில்லை. ஒட்டகம் என்பது அவன் கூட்டாளி, கழுத்து நீண்ட பையன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான்.

அவள் கிடங்கு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தோளில் பை அப்படியே தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பின்னால் வந்து ஒரு ராக்கின் காலை இடித்திருக்கிறது. அது சாய்ந்து பக்கத்தது மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, கையிலிருந்து நழுவிய சீட்டுக்கட்டு மாதிரி கிடங்கு முழுக்க ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தது. சந்தும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை. வாளி, மெத்தை, பெயின்ட் டப்பா, தரை டைல்ஸ், சோப்புத் தூள் மூட்டை எல்லாம் ஒரே மலை. எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் நெற்றியில் ரத்தத்தோடு நின்றார். தீயணைப்பு அதிகாரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “படம் இல்லையாய்யா? இந்தக் கட்டடத்துக்கு ஒரு படம் கூடவா இல்ல?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு சார். கம்ப்யூட்டர் அதுக்கு அடியில இருக்கு.”

“நான் போடறேன்” என்றாள் டீச்சர்.

பையிலிருந்து ஒரு கிராஃப் தாளை எடுத்து ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் விரித்தாள். வாசலைப் பூஜ்யம் என்று வைத்தாள். முன்சுவரை வலது பக்கமாக ஓடும் கோடாகவும், இடது சுவரை மேலே ஏறும் கோடாகவும் இழுத்தாள். சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல ராக்குகளைக் கட்டத்தில் அடைத்தாள். வெளியே தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, “மெத்தைப் பக்கம் யாரோ முனகினாங்க”, “வாளி அடுக்கற இடத்துல கை ஒண்ணு ஆடுச்சு” என்று சொன்னார்கள். அவளும் புள்ளி வைத்தாள்.

கடைசியாகத் தம்பியின் புள்ளி. அஞ்சு, பதினொண்ணு. வலது பக்கம் ஐந்து நடந்து, மேலே பதினொன்று ஏறி, புள்ளியை வைத்தாள். எத்தனையோ வருடம் கரும்பலகையில் பழகிய கை, கேட்காமலே வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் நின்றாள்.

இது யார் சொன்ன எண்? தம்பி சொன்னது. அவன் என்றைக்கு முதலில் நடந்திருக்கிறான்? காலையில் கூட அதற்குத்தானே திட்டினேன்? நெஞ்சில் பாரத்தோடு கிடக்கிறவன் புத்திக்கு, பிறந்ததிலிருந்து வராத பழக்கம் இப்போதா வரப்போகிறது?

பென்சிலைத் திருப்பி அதன் தலையிலிருந்த ரப்பரால் அந்தப் புள்ளியை அழித்தாள். உள்ளே ஐந்து, வலது பக்கம் பதினொன்றில் புதிதாக ஒன்று வைத்து, அழுத்தி வட்டம் போட்டாள்.

“ஆமா டீச்சர், எங்க ஆளுங்க உள்ளதான் முதல்ல சொல்லுவாங்க. அதுலயும் ஏணி மாத்திச் சொல்ல மாட்டான். அது சோப்புத் தூள் ராக்” என்றார் சூப்பர்வைசர்.

தீயணைப்பு அதிகாரி தாளைப் பார்த்தார். அழித்த இடத்தில் விரலை வைத்தார். “இங்க ஒண்ணு வச்சு அழிச்சிருக்கீங்க. சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா. கிரேன் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு இடத்துல நிறுத்த முடியாது.”

“சந்தேகமே இல்ல சார். அவனை நான்தான் வளர்த்தேன்.”

மெத்தைப் பக்கத்திலிருந்து ஓர் ஆளையும் வாளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணையும் சீக்கிரமே உயிரோடு தூக்கி வந்தார்கள். டீச்சர் வரைந்த படத்தால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் வந்து இவள் காலில் விழப் போனான். இவள் அவனைத் தூக்கி நிறுத்தும்போதும் கண் கிரேனின் மேலேயே இருந்தது.

சோப்புத் தூள் ராக்கை அறுத்து அறுத்து எடுத்தார்கள். கிழிந்த மூட்டைகளில் குழாய்த் தண்ணீர் இறங்கி நுரை பொங்க ஆரம்பித்தது. ஆட்கள் முழங்கால் வரை நுரையில் நின்று, எலுமிச்சை வாசனையில் இருமிக்கொண்டே கையால் துழாவினார்கள். பார்க்கச் சிரிப்பு வருகிற காட்சி. யாரும் சிரிக்கவில்லை. ஒரு செருப்பு கிடைத்தது, அது அவனுடையது இல்லை. பிறகு சிமெண்டுத் தரை வந்துவிட்டது.

“இங்க ஆள் இல்லம்மா” என்றார் அதிகாரி.

“இருப்பான் சார். பக்கத்துல சரிஞ்சிருப்பான். இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல பாருங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

அவள் கெஞ்சியதால் பக்கவாட்டிலும் பார்த்தார்கள். கிரேன் அங்கேயே நின்றது. வெயில் கிடங்கின் உடைந்த கூரை வழியாக இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு தீயணைப்பு வீரர் கையைத் தூக்கி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். இரும்பில் டைல்ஸ் துண்டு தட்டுகிற சத்தம். டக், டக். இங்கே இல்லை. தூரத்தில், ஆழ உள்ளே, டைல்ஸ் ராக் விழுந்து கிடந்த பக்கத்திலிருந்து.

ஒட்டகம்தான் தட்டினான். கால் நசுங்கி, நினைவோடு வந்தான். அவனுக்குப் பின்னால் தம்பியைக் கொண்டுவந்தார்கள். அக்கா ஓடிப்போய்க் கழுத்தில் கை வைத்தாள். சூடு இருந்தது. “சூடா இருக்கான் சார், சூடா இருக்கான்” என்று ஆம்புலன்ஸ் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பெண். நெஞ்சு அழுந்தி, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றாள். “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா…” என்று ஆரம்பித்தவள், டீச்சரின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டாள்.

வலது பக்கம் ஐந்து, உள்ளே பதினொன்று. எங்கே கிடந்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை, டைல்ஸ் ராக் எந்தக் கட்டம் என்று அவள்தான் வரைந்தாள். ஆனால் மனது லேசில் விடுமா? அடி பட்ட மயக்கத்தில் உளறியிருப்பான், எண்ணைப் புரட்டியிருப்பான், பாவம், பிள்ளை என்ன செய்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் விடிகிற வரைக்கும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். உளறியிருப்பான்.

காலையில் ஒட்டகம் அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இவளைக் கண்டதும் அந்த நீளக் கழுத்து மடங்கி விழுந்து குலுங்கியது.

“என் பக்கத்துலதான் டீச்சர் இருந்தான். பேசிக்கிட்டேதான் இருந்தான்.”

“வலிச்சுதாடா அவனுக்கு?”

“வலிக்குதுன்னு சொல்லவே இல்ல. உங்களத்தான் பேசினான். போன் பண்றப்ப நான்தான் சொன்னேன், ‘பதினொண்ணு, அஞ்சுன்னு சொல்லுடா’ன்னு. நாங்க அப்படித்தானே சொல்லுவோம்? அந்த நிலைமையிலயும் சிரிக்கிறான் டீச்சர். ‘சும்மா இரு. அக்காவுக்கு முதல்ல நடக்கணும். நான் பாட்டுக்குப் பதினொண்ணு, அஞ்சுன்னா அவ பதினொண்ணு நடந்து போய் நின்னுடுவா. இன்னிக்காவது அவளுக்குச் சரியாச் சொல்றேன்’னான். சொல்லிட்டு என்ன சந்தோஷம்ங்கறீங்க! ‘அக்கா புள்ளி வச்சா தப்பாது. வந்துடுவாங்க, பேசாம இரு’ன்னு என்னைத் தேத்திக்கிட்டே இருந்தான். அப்புறம் அந்தப் பக்கம் கிரேன் சத்தம் கேட்டுச்சு. ‘என்னடா, தூரத்துல கேக்குது?’ன்னான்.”

டீச்சர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தம் போட்டோம் டீச்சர். தண்ணி கொட்டுற சத்தத்துல கேக்கல போல. அப்புறம் அவனால சத்தம் போட முடியல. நான் மட்டும்தான் போட்டேன். ஏன் டீச்சர் அவ்வளவு நேரம் அங்கயே இருந்தாங்க? நீங்க சொன்னீங்கதானே? அவன் சரியாத்தானே சொன்னான்?”

“சரியாத்தான் சொன்னான்” என்றாள்.

பொய் ஒன்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவள் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவன் மார்பின் மேல் விரித்தாள். நுரை பட்டுக் காய்ந்து ஓரமெல்லாம் மொரமொரவென்றிருந்தது. அவன் புரியாமல் பார்த்து, அழித்த இடத்தில் விரலை வைத்தான்.

“இது என்ன அழுக்கு?”

“அதுதான் நீங்க ரெண்டு பேரும். முதல்ல அங்கதான் வச்சேன். அப்புறம் அவன் மாத்தித்தான் சொல்லியிருப்பான்னு நானே அழிச்சேன். இதோ, இந்த வட்டத்துல தோண்ட வச்சேன். ஆள் இல்லன்னு சொன்னப்பவும் விடாம தோண்ட வச்சேன்.”

ஒட்டகத்துக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அவன் இவள்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

“அவனை யாரு டீச்சர் மாத்திச் சொல்லச் சொன்னது?” என்று கேவினான். “எங்ககிட்ட ஒரு தடவ கூட மாத்திச் சொன்னதில்லயே… பாவி. ஒரு தடவ கூட இல்லயே.”

யார் சொல்லச் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். சமையலறை மேசை தெரிந்தது. தலை உச்சியில் அந்தத் தாடையின் அழுத்தம் இன்னும் இருந்தது. ஒரு நாளாவது எனக்குச் சரியாச் சொல்லியிருக்கியா?

ஒட்டகம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “நான் இதச் சொல்லியிருக்கவே கூடாது” என்று சுவரிடம் சொன்னான். அவள் தாளை மடித்தாள். அந்த அழித்த இடத்தில் மடிப்பு விழாதபடி பார்த்து மடித்தாள். அவன் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

வெளியே வராந்தாவில் ஓர் ஊழியர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். “அந்த குடோன் பையனோட சொந்தம் நீங்கதானேம்மா? கையெழுத்து போட்டுட்டு உடலை எடுத்துக்கலாம். கூட ஆள் இருக்கா?”

“இல்லப்பா. நான்தான்.”

“பிணவறை எங்கன்னு தெரியுமா? இதோ இந்த வழியா நேரா உள்ள போங்க. கடைசி வரைக்கும் போய், அப்புறம் வலது பக்கமாத் திரும்பி நடங்க. வழி தப்பாது.”

முதலில் உள்ளே. அப்புறம் பக்கவாட்டில்.

அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் வழி கேட்டாலும், தெருவில் வழி கேட்டாலும் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “உலகம் எங்க குடோனுக்கு வந்து கத்துக்கட்டும்.” அவனிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. டேய், நீ சொன்னது சரிதான்டா, எல்லாரும் உன் கட்சிதான் என்று.

நேராக உள்ளே நடந்தாள். ஸ்ட்ரெச்சர்கள், மூடிய கதவுகள், துடைத்துக்கொண்டிருந்த ஈரத் தரை. வராந்தா முடிந்தது. வலது பக்கம் ஒரு சின்னப் பாதை பிரிந்தது, அதன் கடைசியில் ஒரு கதவு.

திரும்ப வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். பின்னால் தள்ளுவண்டியோடு வந்த ஒருவர், “கொஞ்சம் வழி விடுங்கம்மா, எந்தப் பக்கம் போகணும் நீங்க?” என்று கேட்டார். கணக்கு டீச்சர் வாயைத் திறந்தாள். அவளால் சொல்ல முடியவில்லை.